கழிவு அன்று

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து நாற்பது. மேகமற்ற வெயில், காற்று அறவே இல்லை. சுகாதாரப் பிரிவின் பெண் அதிகாரி தம் எழுத்தருடன் ஜீப்பிலிருந்து இறங்கி, அகற்றப்பட வேண்டிய குப்பைக் குவியலைத் தேடினார். எதிரே ஒரு வீடுதான் இருந்தது.

குவியல், ஒரு சொல்லால் நேர்ந்த வினை. பஞ்சர் ஒட்டிப் பிழைப்பவரும் தையல்காரியான அவர் மனைவியும் மூன்றாண்டுகளாக அந்த வீட்டைக் கட்டினார்கள். பழைய டயர்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் மண்ணைத் திணித்துச் சம்மட்டியால் இடித்து இறுக்கி, மேலே களிமண் பூசிய சுவர்கள். லாரிகளின் முன்கண்ணாடியே சன்னல். மூடிப்போன ஒரு செல்போன் கடையின் கூரையிலிருந்து இறக்கிய சோலார் பலகைகள். மழைநீருக்கு ஒரு தொட்டி. மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் ஒரு கிலோமீட்டருக்கு முன்பே நின்றுவிட்டிருந்தன. இவர்கள் அவற்றுக்காகக் காத்திருக்கவில்லை.

அனுமதிப் படிவத்தில் ‘சுவருக்குரிய பொருள்’ என்றொரு கட்டம் இருந்தது. சுருக்கமாக எழுதுவதே மரியாதை என்றெண்ணிய பஞ்சர்காரர் அதில் ‘கழிவு’ என்று மட்டும் எழுதினார். கட்டடப் பிரிவு அதைப் படித்துவிட்டுச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பியது. பதினைந்து நாள்களில் கழிவை அகற்றிவிடுவதாக நோட்டீஸ் வந்தது. இன்று விசாரணை, முடிவும் இன்றே.

“எழுதுறப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்று மனைவி ஏழாவது நாளாகக் கேட்டாள்.

“நாலெழுத்து படிச்சவன்தானேன்னு நினைச்சேன்.”

“மூணெழுத்துலயே கவுத்துட்டீங்களே.”

பக்கத்து மனை அவளுடைய அண்ணனுக்குரியது. ஆகவே அவரும் சாட்சியாக அழைக்கப்பட்டிருந்தார். சிமென்ட் கடை வைத்திருப்பவர். மூன்றாண்டுகளாக இந்த வீட்டைக் ‘குப்பைமேடு’ என்பதைத் தவிர வேறு பெயரால் அவர் குறிப்பிட்டதில்லை. இன்றைக்கு அந்தச் சொல் அவர் வாயில் வந்துவிடக் கூடாதே என்பதுதான் தங்கையின் கவலை.

“என்ன மாப்பிள்ளை, கோட்டைக்குக் காத்து அடிச்சாச்சா?” என்றபடியே வந்தார்.

“காத்து இல்ல மச்சான், மண்ணு. இறங்காது.”

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. எழுத்தர் நெற்றியைத் துடைக்க எடுத்த கைக்குட்டையை, அதற்கு வேலையில்லாமையால், மடித்துப் பையில் வைத்தார். அதிகாரி தையல் மேசைமுன் அமர்ந்து விதியை வாசித்தார்: ‘கழிவு என்பது, உரியவர் வேண்டாமென விட்ட பொருள்.’ பிறகு அண்ணனைப் பார்த்தார்.

“இங்க இருக்கிற பொருளைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

“அந்த வாசக் கதவு எங்க வீட்டுக் கதவு மேடம். பழசாப் போச்சுன்னு நான்தான் தூக்கிப் போட்டேன்.”

“உரியவரே வேண்டாம்னு விட்டது,” என்று சொல்லிக்கொண்டே எழுத்தர் எழுதத் தொடங்கினார்.

“அண்ணா!”

“பின்னே, பொய் சொல்லச் சொல்றியா?”

அதிகாரி கையை உயர்த்தினார். “இருங்க. ‘விட்ட’ன்னு இருக்கே, எழுவாய் யாரு?”

“உரியவர், மேடம்.”

“இன்னைக்கு அந்தக் கதவுக்கு உரியவர் யாரு?”

எழுத்தரின் பேனா நின்றது. அண்ணன் கதவைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

“சரி, ஆனது ஆச்சு. அந்தக் கதவை எனக்குத் திருப்பிக் கொடுத்துடு. கடைக்குப் பின்பக்கம் மாட்டிக்கிறேன்.”

“கொடுக்க மாட்டேன்.”

“யோசிச்சுச் சொல்லு. தேக்கு.”

“தூக்கிப் போடுறப்ப அது தேக்குன்னு தெரியலையா? அஞ்சு நாள் உக்காந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கேன். என் கையைப் பாருங்க. தலைகீழா நின்னாலும் தர மாட்டேன்.”

“டயராவது ஒரு இருபது?”

“ஒண்ணுகூடக் கிடையாது.”

அண்ணன் அதிகாரியின் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கிட்டீங்களா மேடம்? கெஞ்சினாலும் விட மாட்டேங்கிறா. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்.”

அண்ணன் கேட்டது கதவை அன்று என்பது அப்போதுதான் தங்கைக்குப் புரிந்தது.

“எழுதிக்குங்க,” என்றார் அதிகாரி. “உரியவர் விட மறுக்கிறார்.”

“அப்ப இது குப்பைமேடு இல்லையா மச்சான்?” என்று பஞ்சர்காரர் மெல்லக் கேட்டார்.

“நான் சொல்றது வேற, மாப்பிள்ளை. அது நமக்குள்ள. நோட்டீஸ் ஒட்டி இன்னொருத்தர் சொல்றதுக்கு அவங்க யாரு?” அவர் குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது. அதிகாரி அதைக் கேளாதவர்போலத் தாளைப் புரட்டினார்.

எழுத்தர் உத்தரவை எழுதி நீட்டினார். ‘மேற்படி கட்டடம் கழிவு அல்ல, நோட்டீஸ் திரும்பப் பெறப்படுகிறது.’ கையொப்பமிடக் குனிந்த அதிகாரி நிமிர்ந்தார்.

“எத்தனை?” என்றார் அதிகாரி.

“எது மேடம்?” எழுத்தர் குறிப்பைப் பார்த்தார். “டயர் நானூத்திப் பன்னிரண்டு, கண்ணாடி பதினொண்ணு, கதவு...”

“டயர்களைப் பத்தி எழுதினா ‘அல்ல’ சரி. அது பன்மை. வீடு எத்தனை?”

“ஒண்ணு.”

“ஒருமைக்கு?”

எழுத்தர் தலைகுனிந்தார். “அன்று.”

“அடிச்சுத் திருத்த வேண்டாம். புதுசா எழுதுங்க.”

எழுத்தர் முதல் தாளைக் கிழிக்கப் போனார்.

“ஐயா, கிழிக்காதீங்க,” என்றாள் தையல்காரி. “இப்படிக் கொடுங்க. காலர் அளவு வெட்ட ஆகும்.”

இரண்டாம் தாளில் ‘இவ்வீடு கழிவு அன்று’ என்றிருந்தது. அதிகாரி ஒருமுறைக்கு இருமுறை படித்தார். கையொப்பமிட்டு, தேதியிட்டு, மை காயும்வரை பொறுத்திருந்தார். பஞ்சர்காரர் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். அதிகாரி அவரையும், கோப்பிலிருந்த அவருடைய படிவத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தாளை அவர் மனைவியின் கையில் கொடுத்தார்.