ஏழாம் எண் குச்சி மனிதன்

முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் பயிற்சி கொடுக்கும் அந்தக் கிளினிக்கில் அண்ணன் டாக்டர், தங்கை பிசியோதெரபிஸ்ட். சுவரில் பத்து வருடமாகத் தொங்கிய பன்னிரண்டு பயிற்சிப் படங்களும் அவள் கையால் வரைந்தவை. அங்கே சிகிச்சைக்கு வரும் தையல்கார அம்மாவின் வீங்கிய முழங்கால், பஸ் டிரைவரின் தொந்தி எல்லாம் அவற்றில் அப்படியே இருக்கும். சொத்து என்று அவளுக்கு இருந்தது அந்தச் சுவர்தான்.

அதில்தான் அண்ணன் கை வைத்தான். குச்சி மனிதர்களை வரைந்து இணையத்தில் காமிக்ஸ் போடும் ஒருவருக்குக் குச்சியார் என்றே பெயர். ஒரு வட்டம், ஐந்து கோடு, கீழே ஒரு குத்தல் வசனம். லட்சம் பேர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள், அண்ணனும் அதில் ஒருவன். அவருக்கு எழுதி, கெஞ்சி, புதிதாகப் பன்னிரண்டு படங்கள் வாங்கிவிட்டான்.

"உன் படமெல்லாம் பழசாயிடுச்சும்மா. இவர் ஒரே கோட்டுல எல்லாத்தையும் சொல்லிடுவார்."

"முழங்கால் எங்கண்ணா?"

"அதை நாமதான் கற்பனை பண்ணிக்கணும். அதுதான் கலை."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. குச்சியார் போடுகிற பத்தில் இரண்டு நன்றாகத்தான் இருக்கும், அவளே வேண்டாவெறுப்பாகச் சிரித்திருக்கிறாள். மீதி எட்டில் வசனத்தை மட்டும் எழுதி வைத்தாலும் ஒன்றும் குறையாது, படம் சும்மா துணைக்கு வந்து நிற்கும். புரியாதவர்களும் புரிந்த மாதிரி லைக் போட்டுவிட்டுப் போவார்கள். இதைச் சொன்னால் பொறாமை என்பார்கள். கொஞ்சம் பொறாமையும் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு தன் படங்களைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரியில் அடுக்கினாள்.

சனிக்கிழமை காலை குச்சியாரே நேரில் வந்தார். ஆள் குச்சியாக இல்லை, கதவைப் பக்கவாட்டில் கடக்கிற உடம்பு. உட்கார்ந்தே வரைந்து வரைந்து வலி கண்ட இடுப்பில் ஒரு கை ஊன்றியபடி நின்றார். அண்ணன் உச்சி குளிர்ந்துபோய், தையல்கார அம்மாவையும் டிரைவரையும் பாயில் படுத்து ஏழாம் எண் படத்தைச் செய்து காட்டச் சொன்னான். படுத்தபடி ஒரு காலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அம்மா மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கினார். டிரைவர் குப்புறப் படுத்துத் தூக்கினார். தூக்கிய கால்களை இறக்காமலே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுல யாரு சரி, டாக்டர்?"

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனான். வட்டத்தில் மூக்கு இல்லை, கண் இல்லை. காலில் முட்டி இல்லை, பாதம்கூட இல்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தும் தேறவில்லை.

"சாரையே கேட்டுடலாம்," என்றான்.

குச்சியார் தன் படத்தையே வெகுநேரம் பார்த்தார். "நீங்க மாதிரிக்கு அனுப்பின படத்தைப் பார்த்துத்தான் வரைஞ்சேன். அதுல எப்படிப் படுத்திருந்தாங்கன்னு ஞாபகம் இல்லையே," என்று அசடு வழிந்தார்.

மாதிரிக்கு அண்ணன் போட்டோ எடுத்து அனுப்பியது அவளுடைய படத்தைத்தான். அவள் அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்து நீட்டினாள். மூக்கு பாயில் பட, தொந்தி இருபுறமும் பிதுங்க, ஒருவர் சந்தேகத்துக்கே இடமில்லாமல் குப்புறக் கிடந்தார்.

"இந்தத் தொந்தி மூச்சு விடுதுங்க," என்றார் குச்சியார், மெதுவாக.

"அது என்னோடது," என்றார் டிரைவர் பாயிலிருந்து.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பில் கால் தானாக இறங்கியது. குச்சியாரும் வயிறு குலுங்கச் சிரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் இங்கதான் வலி. இதைப் பார்த்து நானும் செய்யட்டுமா?"

அவர் குப்புறப் படுத்தார். அவள் மண்டியிட்டு அவருடைய முழங்காலை நேராக்கினாள். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. அண்ணன் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, குச்சி மனிதர்களைக் கழற்றிவிட்டு, பழைய படங்களை ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினான்.

"இடது பக்கம் சாயுதுண்ணா."

"இப்போ?"

"இன்னும் சாயுது."

படம் சாயவேயில்லை. அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் அந்த ஸ்டூலில் நிற்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.