ரங்கூனிலிருந்து வந்த மடி

மகள் வள்ளியம்மாவுக்குக் காது குத்த வேண்டும்; அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும். சீதாலெட்சுமிக்கு இருப்பதோ ஒரே தம்பி, கன்னையா. ரங்கூனில் ஒரு துரையின் சொந்த விமானத்துக்கு அவன்தான் மெக்கானிக். கப்பலேறிப் பினாங்கு வந்து, ரயில் பிடித்துக் கோலாலம்பூர் சேர ஒரு வாரம் ஆகிவிடும். அவ்வளவு லீவு கிடைக்காது. ஆனால் 1936 தை மாதம் துரையே சிங்கப்பூருக்குப் பறப்பதாகவும், வழியில் கோலாலம்பூரை ஒட்டிய சுங்கை பீசி விமான மைதானத்தில் இறங்குவதாகவும் செய்தி வந்தது.

சீதாலெட்சுமியின் கணவர் தம்புசாமி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் இஞ்சின் டிரைவர். உடனே கணக்குப் போட்டார். நேர்கோட்டில் ஆயிரம் மைல் சொச்சம். விமானத்தின் வேகம் மணிக்கு நூறு.

"காலையில ஏறுனா சாயந்தரம் நம்ம வீட்டுல காப்பி குடிப்பான்."

வியாழக்கிழமை அவன் வந்துவிடுவான் என்று, மறுநாள் வெள்ளிக்கிழமை பத்தரை மணி ராகுகாலத்துக்கு முன் முகூர்த்தம் குறித்தார்கள். அதற்கப்புறம் விமானம் சிங்கப்பூருக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை சாயந்தரம் கன்னையா வரவில்லை. வடக்கே அலோர் ஸ்டார் ஊரிலிருந்து தந்திதான் வந்தது: இருட்டிவிட்டது, விடிந்ததும் புறப்படுகிறோம்.

"காப்பி குடிப்பான்னீங்களே!" சீதாலெட்சுமிக்குக் கண் கலங்கியது.

தம்புசாமி தலையில் அடித்துக்கொண்டார். அவர் போட்டது ரயில்காரர் கணக்கு. ரயிலுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். தண்டவாளம் இழுத்துப் போகும், சிக்னல் விளக்கு எரியும், ஒரு டிரைவர் இறங்கினால் இன்னொருவர் ஏறுவார். அந்த விமானத்துக்கு அப்படி எதுவும் இல்லை. கடற்கரையையும் ஆற்றையும் கண்ணால் பார்த்துத்தான் வழி பிடிக்க வேண்டும். பெட்ரோல் ஊற்ற இரண்டு இடத்தில் இறங்க வேண்டும். பொழுது சாய்ந்தால் அங்கேயே தங்க வேண்டும்.

"இனி நாளைக்கு எறங்கி, தொரை சாமான எடுத்துக் குடுத்து, வண்டி பிடிச்சு இங்க வர்றதுக்குள்ள ராகுகாலம் வந்துரும்" என்றார்.

காது குத்த வந்திருந்த அய்யாவு ஆசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஏன் தங்கச்சி, மாமன்தான் இங்க வரணுமா? மடி எங்கயோ, ஊசி அங்க வந்துட்டுப் போவுது லா!"

காலையில் தட்டு, பூ, பிள்ளை, ஆசாரி எல்லாம் ஒரு லோரியில் ஏறிச் சுங்கை பீசிக்குப் போயின. ஒன்பது மணி தாண்டியதும் வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. இரைச்சல் பெருத்தது. விமானம் புல்லில் குதித்து ஓடி நின்றது.

"அக்கா, கை பூரா எண்ணெய்க்கா!" கன்னையா ஓடி வந்தான்.

"கை யாருக்குடா வேணும்? மடியக் காட்டு, உக்காரு!"

இறக்கையின் நிழலில் அவன் சம்மணமிட்டான். வள்ளியம்மா வீரிட்ட சத்தத்தில், இஞ்சின் சத்தத்துக்குப் பழகிய துரையே காதைப் பொத்திக்கொண்டார்.

சீதாலெட்சுமி தம்பிக்கும் ஆசாரிக்கும் சந்தனம் வைத்தாள். ஆயுத பூஜைக்கு ரயில் இஞ்சினுக்குப் பொட்டு வைத்துப் பழகிய கை அது. விமானத்தின் முன் வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது.

"மூஞ்சி சுடும்க்கா. சக்கரத்துல வை."

அவள் குனிந்து, மண் ஒட்டிய சக்கரத்தில் மிச்சச் சந்தனம் முழுவதையும் அப்பிக் கும்பிட்டாள்.