விழுந்தால் கட்டும் கார்டு

என் மனைவி ரஞ்சிதம் கல்யாணத்தன்று என்னைவிட உயரம். மாலையை எம்பித்தான் போட்டேன். பிறகு காலமெல்லாம் மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்துக் கொஞ்சங் கொஞ்சமாக இறங்கிவிட்டாள். இப்போது குனியாமலே என் சட்டைப் பையில் பீடி இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறாள்.

போன வருஷம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எலும்புப்புரை என்றார் டாக்டர். வாரம் ஒரு மாத்திரை கொடுத்தார். இந்த வருஷம் ஸ்கேன் பார்த்துவிட்டு, பலன் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி போட வேண்டும், அதை வெளியேதான் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றார். இன்னொரு முறை விழுந்து இடுப்பு முறிந்தால் இவள் எழுந்து நடப்பது கஷ்டமாம்.

எங்கள் மகன் லோகேஸ்வரன் கோலாலம்பூரிலிருந்து மாதாமாதம் அம்மாவின் மெடிக்கல் கார்டுக்கு, அதாவது மருத்துவக் காப்புறுதிக்கு, பணம் கட்டுகிறான். அந்த ஏஜெண்டு வசந்தனை வரச்சொன்னோம். அன்றைக்குப் பனி சற்று அதிகம். எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பாதி பாலிசியை விளக்கிய பிறகுதான் அவனுக்கு வாசல் தெரிந்தது.

“வார்டுல படுத்தா கார்டு கட்டும் ஆண்ட்டி. ரூம், ஆபரேஷன், எல்லாம். வந்து போட்டுட்டுப் போற ஊசிக்குக் கட்டாதுலா.”

“விழுந்து இடுப்பு ஒடைஞ்சா?” என்றாள் ரஞ்சிதம்.

“அப்பக் கட்டும்.”

“ஒடையாம இருக்கப் போடுற ஊசிக்கு?”

“கட்டாது.”

“வேற கார்டு எடுத்தா?” என்றேன்.

“இனிமே எடுத்தா இந்த நோயைச் சேர்க்க மாட்டாங்க அங்கிள்.”

“அப்ப இந்தப் படியில நானே விழுந்துறட்டுமா? செலவு மிச்சம்” என்றாள் ரஞ்சிதம்.

வசந்தன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவள் நிஜமாகவே படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசியின் விலையை மகனிடம் சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. பழைய மாத்திரையையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். காலையில் மீசையை மழித்துக்கொண்டு போனேன். வரிசையில் நின்று மருந்துக் கவுண்டரை அடைவதற்குள் முறுக்குகிற அளவுக்கு வந்துவிட்டது.

கவுண்டரில் கங்கா என்ற பெண் கேட்டாள். “மாத்திரையை எப்படிப் போடுறீங்க ஆண்ட்டி?”

“காலையில வெறும் வயித்துல. தேத்தண்ணியோட.”

“பால் ஊத்தியா?”

“டின்பால் ஊத்தாம அது என்ன தேத்தண்ணி?”

கங்கா பேனாவைக் கீழே வைத்தாள். “பால் சேர்ந்தா இந்த மாத்திரை ஒடம்புல ஏறாது ஆண்ட்டி. ஒரு வருஷமா சும்மா முழுங்கியிருக்கீங்க. வெறும் தண்ணியிலதான் போடணும். அப்புறம் அரை மணி நேரம் வேற எதுவும் கூடாது. படுக்கவும் கூடாது.”

எங்கள் எஸ்டேட்டில் வெறும் தண்ணீர் குளிப்பதற்கு. நானே பிறந்ததும் அழவில்லை, தேத்தண்ணிக்குச் சீனி போதாது என்றேன். மருத்துவச்சி இப்போது உயிரோடு இல்லை, கேட்க முடியாது.

கங்கா எங்களை மறுபடியும் டாக்டரிடம் அனுப்பினாள்; விஷயத்தைக் கேட்டு அவர் பெருமூச்சு விட்டார். ஒழுங்காகப் போட்டுப் பார்ப்போம், ஊசியை அடுத்த ஸ்கேனுக்குப் பிறகு யோசிக்கலாம், அதுவரை விழக்கூடாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரஞ்சிதம் வெறும் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“முதுகு தாங்கலைங்க. படுத்துக்கவா?”

“படுக்கக் கூடாதுன்னாங்கள்ல.”

நான் அவளுக்குப் பின்னால் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். சாய்ந்துகொண்டாள். பாரமே தெரியவில்லை.

“தேத்தண்ணி குடிச்சீங்களா? வாசம் அடிக்குது.”

“நேத்துக் குடிச்சது.”

“ம்” என்றாள். “அரை மணி ஆச்சா?”

“இன்னும் ஆகல.”

“சரி, அசையாம இருங்க.”