அத்தானின் இருமல்

சாயங்காலம் வந்தால் போதும் என்று அக்காவிடம் அவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அவள் யார் சொல்லைத்தான் கேட்டிருக்கிறாள்? காலையிலேயே, இஸ்திரி மடிப்புக் கலையாத புடவை உடுத்திக்கொண்டு, பல்கலைக்கழக அரங்கின் வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

ஆராய்ச்சி மாணவர்கள் அன்று ஆளுக்கொரு மேசை போட்டு, வருடக்கணக்காக எதனோடு மாரடித்தார்களோ அதை வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். நடுவர்கள் மேசை மேசையாக வந்து மதிப்பெண் போடுவார்கள். இவனுடைய ஆராய்ச்சி இருமல். இருமும் சத்தத்தை வைத்தே நுரையீரலில் என்ன கோளாறு என்று கணினி சொல்லிவிடும். மேசையில் ஒரு ஹெட்போன், வரிசையாகச் சில பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளியின் இருமல்; பெயர் கிடையாது, எண் மட்டும்.

ஒன்பதாம் எண், அக்காவின் கணவர்.

"என் இருமலுக்கு இவ்வளவு மவுசா? டாக்டர் பட்டம் வாங்கினா பாதி எனக்குத் தந்துடணும், மச்சான்" என்று, பதிவு செய்த அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து சிரித்தார் அத்தான். சிரித்ததில் இருமல் வந்தது, அதுதான் பதிவானது. அந்த இருமல் தூங்கவிடவில்லை என்று அக்கா சண்டை பிடித்து அவரை வீட்டுக் கூடத்தில் படுக்கவைத்த காலமும் உண்டு. போன வருடம் அந்த நோயே அவரைக் கொண்டுபோய்விட்டது. இருப்பதிலேயே தெளிவான பதிவு அவருடையதுதான். அதை எடுத்துவிட்டால் நடுவர்களிடம் காட்ட உருப்படியாக ஒன்றுமில்லை. அக்காவிடம் சொல்லவோ நா எழவில்லை. செத்தவரின் இருமலைக் கடைபரப்பி வைத்திருக்கிறானே என்று அவள் நினைத்துவிட்டால்?

"இதுல என்னடா கேக்கும்?" என்று மேசைக்கு வந்து ஹெட்போனைக் கையில் எடுத்தாள் அக்கா.

"சும்மா இருமல்க்கா. வா, கேன்டீன்ல ஏதாவது சாப்பிடலாம்."

"என்னைத் துரத்துறதுலயே இரு. ராப்பகலா நீ என்ன பண்ணினேன்னு நான் பார்க்க வேண்டாமா?"

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதல் பொத்தானை அழுத்திவிட்டு முகம் சுளித்தாள். இன்னும் இரண்டைக் கேட்டாள். பிறகு ஒன்பது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விரல் மட்டும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பதிவு முடிந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும்.

நேரம் பார்த்து வந்தார்கள் நடுவர்கள். அவர்களில் மூத்த அம்மாள், "ஆரம்பிக்கலாமா? அந்த ஹெட்போனைக் கொஞ்சம் வாங்கிக் குடுங்க" என்றார்.

அவன் கை அக்காவின் தோள்வரை போனது. தொட மனம் வரவில்லை.

"அவங்க கேட்டு முடிக்கட்டும், மேடம்."

"அடுத்த மேசைக்குப் போகணுமே. மார்க் போயிடும்ப்பா."

"போகட்டும், மேடம்."

வருத்தமே இல்லாமல் சொன்னான் என்றால் அது பொய். இத்தனை வருட உழைப்பு கண்ணெதிரே கைநழுவிப் போவது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள். ஹெட்போன் மாட்டியிருப்பவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உரக்க இருக்கிறதென்று தெரியாது. கூடத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல, அரைத்தூக்கத்துச் சலிப்போடு, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"எழுந்து ஒரு வாய் தண்ணி குடிங்களேன்."