மூன்றாம் சரணத்தில் இறங்கியது யார்

ஜொம்பா மலையடிவாரத்தில், மூன்று சுவருக்கு அப்பால் பிசகும் ஸ்வரத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும் காதுகள் மொத்தம் இரண்டுதான் இருக்கின்றன. இரண்டும் என் தலையில் அமைந்துவிட்டன. பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

இதே தகவலைக் கல்லூரிச் சுவர்ப்பத்திரிகையிலும் எழுதியிருக்கிறேன். 'பொய்ப்பல் பாடகர்கள்' என்ற அந்தக் கட்டுரை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சுருதி திருத்தும் ப்ளகின்கள் என்ற கணினிச் செருகுநிரல்களைப் பற்றியது. கழுதைக் குரலைப் போட்டாலும் தேவதைக் குரல் வரும் என்றால், பாடகர் எதற்கு, கழுதை போதுமே என்று அதில் கேட்டிருந்தேன். அடுத்த விடுதியில் பதிவுக்கூடம் நடத்தும் தொக்கோசானி அந்த ப்ளகின் இல்லாமல் தும்மலைக்கூடப் பதிவு செய்யமாட்டான். நாகரிகம் கருதி அவன் பெயரைப் போடவில்லை. அறை எண்ணை மட்டும் போட்டிருந்தேன்.

ட்யூனர் ப்ளகின் வேறு. அதுவும் இலவசம்தான், ஆனால் எதையும் திருத்தாது. ஸ்வரம் சரியென்றால் பச்சை விளக்கு, நழுவினால் சிவப்பு. "இது சாட்சி, அது லஞ்சம்" என்று கட்டுரையை முடித்திருந்தேன். பலர் பாராட்டினார்கள். துல்லியமாகச் சொன்னால் இருவர்.

என் பதிவுக்கூடம் ஒரு தையல்கடையின் பின்னறை. சுவரெங்கும் பழைய மெத்தைகளை ஆணியடித்திருக்கிறேன். ஜூலை மாதத்துச் சனிக்கிழமை காலை, மலையிலிருந்து இறங்கும் சிப்பெரோனி என்ற குளிர்காலத் தூறலில் நனைந்தபடி மருத்துவமனைத் தாதியர் பதின்மூன்று பேர் அந்த அறைக்குள் வந்தார்கள். இரவுப் பணி முடிந்து நேராக வந்தவர்கள். சீருடைக்கு மேல் ஸ்வெட்டர். நாற்காலி தேடினார்கள், இல்லையென்று தெரிந்ததும் தரையைப் பார்த்தார்கள்.

பாட்டு எனெலெஸி அக்காவுடையது. இரவு வார்டில், நோயாளிகள் தூங்கும் இடைவெளியில், காய்ச்சல் அளவு குறிக்கும் அட்டைகளின் பின்பக்கத்தில் அவரே எழுதியது. தனிக்குரலும் அவர்தான். நேற்று அவருக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது, தெற்கே ந்சாஞ்சேவுக்கு. இரண்டு மணிக்குப் பேருந்து. வழியில் பிளாண்டயரில் இறங்கி வானொலி நிலையத்தில் பாட்டைக் கொடுக்க வேண்டும். மருத்துவமனை வாரத்துக்கான பாட்டுகளை இன்று மாலை வரைதான் வாங்குவார்கள். இரண்டு பைகளும் ஒரு கம்பளியுமாக வந்திருந்தார். இன்று பதிவாகாவிட்டால் அந்தப் பாட்டு வார்டிலேயே படுத்துக்கிடக்கும், அவர் மட்டும் போய்விடுவார்.

பாடகர்குழுவை நடத்துபவர் கச்சிங்வே, அறுவைப் பிரிவின் ஆண் தாதி. நான் தலைகளை எண்ணினேன்.

"மாஸ்டர், பேஸ் பாடறவர் எங்க?"

"மக்வின்ஜாவா? ஆம்புலன்ஸ எடுத்துக்கிட்டு டொமாசி போயிட்டான். பிரசவ கேஸு. நான் பாடி முடிச்சுட்டு வர்றேன், கொஞ்சம் உள்ளயே இரும்மான்னு குழந்தைகிட்ட சொல்ல முடியுமா?"

பேஸ் என்ற அடிக்குரல் இல்லாமல் இந்தப் பாட்டு நடக்காது. எனெலெஸி அக்கா தனியாகக் கேட்பார்: "விடியும்வரை யார் விழித்திருப்பார்?" அடியிலிருந்து ஒரே ஒரு கனத்த குரல் பதில் சொல்லும்: "நான் இருக்கிறேன்." அதன்பிறகுதான் மற்றவர்கள் சேர்வார்கள்.

"கவலையே படாதீங்க," என்றேன். "நான் பாடறேன்."

"உனக்குப் பாட வருமா?" என்றார் கச்சிங்வே.

சில கேள்விகளுக்கு வரலாறுதான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்குத் தனி மைக் வைத்துக்கொண்டு முன்னறையில், தையல் எந்திரத்தின் மேல் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். நடுவில் கதவு சாத்தியிருந்தது. அவர்கள் பாடுவது எனக்கு ஹெட்போனில் கேட்கும். நான் பாடுவது அவர்களுக்குக் கேட்காது. என் இடம் வரும்போது கச்சிங்வே கையால் எண்ணி இடம் விடுவார்.

எங்கள் ஊர்ப் பாடகர்குழுக்களுக்குப் பியானோ கிடையாது. தாளில் 'டோ என்பது ஜி' என்று, அதாவது எந்த ஸ்வரத்தை ஆதாரமாகப் பிடிப்பது என்று மட்டும் எழுதியிருக்கும். நடத்துபவர் சுருதிக்கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்து, 'ம்ம்' என்று ஒரு தடவை கொடுப்பார். அதோடு சரி. அதற்கப்புறம் அவரவர் பக்கத்தில் நிற்பவரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

கச்சிங்வே முழங்காலில் தட்டினார். பாடினார்கள். முதல் சரணம் ஜி. இரண்டாம் சரணம் ஜி போன்ற ஒன்று. மூன்றாவதில் அரை ஸ்வரம் இறங்கியிருந்தார்கள். எல்லோரும் சேர்ந்தே இறங்கியதால், இறங்கினோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கதவைத் திறந்தேன். "மூணாவது சரணத்துல அரை ஸ்வரம் கீழ போயிட்டீங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"அப்ப யாருக்கு என்ன கஷ்டம்?" என்றார் கச்சிங்வே.

"பன்னெண்டு மணி நேரம் நின்னிருக்கோம் தம்பி," என்றார் பின்வரிசையில் ஒருவர். "இடுப்பே இறங்கிப் போச்சு. குரல் மட்டும் மேலயே நிக்குமா?"

"தொக்கோசானிகிட்ட ஏதோ இலவச சாமான் இருக்காமே," என்றார் எனெலெஸி அக்கா. "போட்டா சுருதியச் சரி பண்ணிடுமாமே. உங்கிட்ட அது இல்லியா?"

நான் அவர்களுக்குப் பொய்ப்பல் கட்டுரையின் சாரத்தைச் சொன்னேன். நான்கு நிமிடம். சாட்சி, லஞ்சம் என்ற இடத்தில் ஒரு தாதி மெத்தைச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். சுவரில் மெத்தை அடித்தால் இதுதான் தொல்லை.

மறுபடி பாடினார்கள். மறுபடியும் இறங்கினார்கள். மூன்றாவது தடவை பாதியில் ஒருவருக்குக் கொட்டாவி வந்து, வரிசையாக எல்லோருக்கும் பரவியது. கொட்டாவி மட்டும் சுருதி சுத்தமாக இருந்தது.

நான்காவது தடவை நான் முடிவெடுத்தேன். அவர்கள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், ஒருவனாவது நிலையாக நிற்க வேண்டும். ஹெட்போனை ஒரு காதிலிருந்து கழற்றினேன். என் மைக்கின் ட்யூனரைத் திரை முழுக்க விரித்தேன். பச்சை விளக்கைப் பார்த்தபடியே பாடினேன். மூன்று சரணத்திலும் ஒரு நொடிகூடச் சிவப்பு வரவில்லை. எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது.

"இதுதான் கடைசி," என்றார் கச்சிங்வே. "நாலு பேருக்கு இன்னிக்கும் ராத்திரி டூட்டி. போய்ப் படுக்கட்டும்."

ஒவ்வொருவராக எனெலெஸி அக்காவைக் கட்டிக்கொண்டு தூறலில் இறங்கிப் போனார்கள். போய் ஐந்து நிமிடத்தில் மின்சாரமும் போனது. மைக்குகளை மடிக்கணினியோடு இணைக்கும் மைக் பெட்டி அணைந்தது. மடிக்கணினியின் பேட்டரியில் முப்பத்துநான்கு சதவீதம் இருந்தது.

எனெலெஸி அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். முதல் சரணத்தில் லேசாகச் சிரித்தார். இரண்டாவதில் ஹெட்போனைச் சரிசெய்தார். மூன்றாவதில் கழற்றிவிட்டார்.

"யாரு தம்பி இது, பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி வேற ஏதோ பாடறது?"

"நான்தான்க்கா."

"நீயா? நாங்கல்லாம் தரையில உக்காந்துட்டோம். நீ மட்டும் எதுக்குக் கட்டில் மேல ஏறி நிக்கறே?"

"என் சுருதி சரிக்கா. பாருங்க, பச்சை." திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் உண்மையிலேயே குனிந்து பார்த்தார். தெர்மாமீட்டரைப் பார்க்கிற முகம். "பச்சையாத்தான் இருக்கு. இந்த விளக்கு எங்க பாட்டக் கேட்டுச்சா?"

"இல்லக்கா. என் மைக்க மட்டும்தான் கேக்கும்."

"அதான்."

என் குரலை மட்டும் எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். விடியும்வரை யார் விழித்திருப்பார் என்று அவர் குரல் கேட்டது. அதன்பின் ஒன்றுமில்லை. தூறல் சத்தம்தான்.

"பெல் அடிச்சும் நர்ஸ் வராத வார்டு மாதிரி இருக்கு," என்றார். "நீ மறுபடி பாடிடேன்."

"கரன்ட் இல்லக்கா. மைக் பெட்டி ஓடாது. சாயங்காலம்தான் வரும்."

அவர் பைகளைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபத்துக்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும்போல.

"சரி விடு. குடுக்க வேணாம். இப்படிக் குடுத்தா எம் பேரச் சொல்லிச் சிரிப்பாங்க."

"ந்சாஞ்சேல பாடகர்குழு இருக்குமாக்கா?"

"தெரியல. கொசு இருக்கும்." முன்னறை பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாய்ந்தார். "ஒன்னேகாலுக்கு எழுப்பு, தம்பி."

இரண்டே மூச்சில் தூங்கிப்போனார். பாட்டில் விழித்திருப்பவர்கள் நேரில் இவ்வளவு வேகமாகத் தூங்குவார்கள் என்று எனக்குத் தெரியாது.

அக்கா கண்ணில் படாதபடி மடிக்கணினித் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துக்கொண்டேன். அந்த இலவச ப்ளகின் எட்டு மாதமாக என்னிடம் இருக்கிறது. எதிரியைத் தெரிந்துவைத்திருப்பது விமர்சகனின் கடமை. திறந்து, என் குரலை மட்டும் அதற்குள் போட்டேன். 'நான் இருக்கிறேன்' என்பது திரையில் மூன்று கோடுகளாக விரிந்தது. நேராக, அசையாமல், ஒரு மயிரிழைகூடப் பிசகாமல். அழகாகத்தான் இருந்தது.

அடியில் பெண்களின் குரலை ஓடவிட்டு, ஒவ்வொரு கோடாகப் பிடித்துக் கீழே இழுத்தேன். இரண்டாம் சரணத்தில் கொஞ்சம். மூன்றாவதில் இன்னும். ட்யூனர் சிவப்பாகக் கத்தியது. அதை மூடிவிட்டேன்.

"என்ன பண்றே?" பெஞ்சிலிருந்து குரல். கண் திறக்கவில்லை.

"ஒன்னுமில்லக்கா. சேமிச்சுட்டிருக்கேன். தூங்குங்க."

பத்தொன்பது சதவீதம். கடைசி 'இருக்கிறேன்' மட்டும் இன்னும் மற்றவர்களின் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, அதையும் பிடித்து மெதுவாக இறக்கினேன்.