ஒன்பது வயதுக்காரியைக் கேட்டார்களா?

மேல் கோர்ட்டில் தன்னைப் பேசச் சொல்வார்கள் என்று அந்தத் தாய் நம்பியிருந்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் வேலை அவளுக்கு. ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவள் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்றுதான் கீழ்க் கோர்ட் மகளை அப்பாவிடம் கொடுத்தது. அம்மா எப்போது வந்து பார்க்கலாம் என்று தீர்ப்பில் ஒரு வரி இல்லை. எழுதாததை அப்பா வீட்டில் யாரும் கொடுக்கவுமில்லை.

பிறகு அவள் மேற்பார்வையாளரிடம் கெஞ்சிப் பகல் ஷிப்டு வாங்கினாள். அதைச் சொன்னால் போதும், இன்றைக்கே மகள் வந்துவிடுவாள். கடவுளை வேண்டிக்கொண்டு, மகளின் படுக்கையை விரித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

"வக்கீலம்மா, நான் எப்ப எந்திரிக்கணும்?"

"நீங்க பேசவே வேண்டாம்க்கா. இங்க சாட்சியை எல்லாம் புதுசா விசாரிக்க மாட்டாங்க."

"அப்ப ஷிப்டு மாறினது?"

"அது தீர்ப்புக்கு அப்புறம் நடந்ததாச்சே. கீழ ஜட்ஜ் முன்னாடி என்ன இருந்துச்சோ, அதை வச்சு அவர் சரியா முடிவு பண்ணாரான்னுதான் இவங்க பாப்பாங்க."

"இத்தனை நாளா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகினேனே!"

"கண்ணாடி என்ன சொல்லுச்சு?"

"உன் பக்கம்தான் நியாயம்னுச்சு."

வக்கீல் சிரித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே இரண்டு நீதிபதிகள். காகிதங்கள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. பெண் நீதிபதி தலை நிமிர்ந்தார்.

"குழந்தைக்கு என்ன வயசு?"

"ஒன்பதுங்க."

"அவகிட்ட கேட்டாங்களா?"

இரண்டு வக்கீல்களும் காகிதத்தில் தேடினார்கள். கேட்டதாக எங்கும் இல்லை.

"எல்லாரையும் கேட்டிருக்காங்க, அவளைத் தவிர" என்றார் நீதிபதி.

தீர்ப்பு ரத்தானது. கீழ்க் கோர்ட்டே குழந்தையிடம் பேசி, வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டும். அதுவரை பிள்ளை அப்பாவிடமே இருக்கட்டும் என்றார்கள்.

"ஜெயிச்சுட்டமா?" என்று கிசுகிசுத்தாள்.

"பாதி. இனிமே கீழ போய் ஷிப்டு கதையை வாய் வலிக்கச் சொல்லலாம்."

"இன்னிக்கு வரமாட்டாளா?"

வக்கீல் உதட்டில் விரல் வைத்து நீதிபதியைக் காட்டினாள்.

"அதுவரைக்கும் அம்மா வந்து பாக்கலாமா?" என்று நீதிபதியே கேட்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல், "மனுவிலேயே அதைக் கேக்கலையேம்மா" என்று ஆரம்பித்தார். பின்னால் அவளுடைய பழைய கணவன், பஸ் டிரைவர், எழுந்துவிட்டான்.

"பாக்கட்டும்மா."

"உக்காருய்யா! உனக்காகத்தானே பேசிட்டிருக்கேன்!"

"நானும் எனக்காகத்தான் சொல்றேன். பாக்கட்டும்."

ஞாயிறுதோறும் என்று உத்தரவானது.

வராந்தாவில் அவன் டியூட்டிக்கு ஓடிக்கொண்டிருந்தான். இத்தனை நாள் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"ஏங்க, எவ்வளவு வளந்துட்டா?"

அவன் நின்றான். உள்ளங்கையைத் தன் மார்பளவில் வைத்தான். யோசித்துக் கொஞ்சம் உயர்த்தினான்.

"இவ்வளவு. ஷூ போட்டா இன்னும் ஒரு விரல்."

அந்தக் கைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு இன்னும் வரவில்லை. கடவுள் மனிதர்களிடம் எதிர்பார்ப்பது பல நேரம் மிகச் சிறியது. பஸ் எடுக்க நேரமாகிக்கொண்டிருந்தது, ஆனாலும் அவள் பார்த்து முடிக்கும்வரை அவன் கையை இறக்கவில்லை.