நெடுஞ்சாண்கிடையாய்

எபிரேய மொழி கற்பிக்கும் அக்காவுக்கும், ஆராதனைக் கூடத்தில் பாடகர் குழுவை நடத்தும் தம்பிக்கும் ஒரே ஒரு வார்த்தையால் முகம் கொடுத்துப் பேசாத நிலை வந்தது.

மிகப் பழைய எபிரேயத் துதிப்பாட்டு ஒன்றை அக்கா தமிழில் ஆக்கித் தந்திருந்தார். இறைவன் பரிசுத்தர், அவரைப் பணியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லும் பாட்டு. தம்பி மெட்டுப் போட்டான். 'நெடுஞ்சாண்கிடையாய் விழுங்கள்' என்ற இடம் வரும்வரை எல்லாம் சுமுகமாகத்தான் போனது.

"இது வார்த்தையா, சரக்கு ரயிலா? என் மெட்டுல 'தொழுங்கள்'னு சின்னதா ஒண்ணுக்குத்தான் இடம், அக்கா."

"தொழுறதை நாற்காலியில சாஞ்சுக்கிட்டே தொழலாம்டா. மூலத்துல அப்படி இல்ல. முகம் தரையில படணும்."

"நீ கடைசியா எப்ப விழுந்த?"

"நான் இலக்கணம் சொல்றேன். நீ விசாரணை நடத்துற."

சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த தம்பி மனைவி, "பரிசுத்தத்தைப் பத்திப் பேசுறதைக் கொஞ்சம் மெதுவா பேசுங்க. பக்கத்து வீட்டுல சண்டைன்னு நினைப்பாங்க" என்றாள்.

அடுத்த ஒத்திகைக்குப் பென்சிலும் கையுமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார் அக்கா. தம்பி வார்த்தையைத் தொடவில்லை, மெட்டைத்தான் மாற்றியிருந்தான். அந்த நீண்ட சொல்லைக் குழு படி இறங்குவதுபோல் பாடியது. கனத்த குரல்காரர்கள் அடித்தளத்தைத் தொட்டதும் எல்லாம் அடங்கியது. பிறகு குழுவில் நின்ற தம்பி மனைவியின் குரல் மட்டும் தனியாக எழுந்தது: 'பரிசுத்தர்.'

எத்தனையோ பரீட்சைத் தாள்களில் அந்தச் சொல்லைத் திருத்தியவர் அக்கா. இப்போது அது அவரைப் பார்த்துச் சொல்லப்பட்டதுபோல் இருந்தது. எழுந்து நின்றார், நிற்பதும் சரியில்லை என்று தோன்றியது. நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் விழுந்தார்.

பாட்டு அறுந்தது. ஒருவர் தண்ணீருக்கு ஓடினார். தம்பி பாய்ந்து வந்தான்.

"என்னக்கா ஆச்சு? மயக்கமா?"

"மயக்கமெல்லாம் இல்ல. பாட்டை ஏன்டா நிறுத்தின?" என்றார், தலை தூக்காமல்.

கேலிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவனுக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அவன் திரும்பிப்போய்க் கையை உயர்த்தினான். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. தண்ணீர் கொண்டுவந்தவர் டம்ளரோடு அப்படியே நின்றார்.

முடிந்ததும் இரண்டு பேர் கைகொடுத்து அக்காவை எழுப்பினார்கள். நெற்றி முழுக்கத் தூசி.

"மெட்டு நல்லாருக்கு. தரையைத்தான் யாரும் கூட்டுறதில்ல போல" என்றார்.

அக்காவும் குழுவும் போனபின் தம்பி விளக்குகளை அணைத்தான். வெளியே மனைவி காத்திருப்பது தெரியும். இருந்தாலும் கீபோர்டுக்குப் பின்னால் மறைவாக ஓர் இடம் பார்த்து, சட்டை கசங்காமல் விழ முயன்று, முடியாமல், கசங்கியே விழுந்தான். தரை சில்லென்று இருந்தது.

"என்னத்தைத் தொலைச்சீங்க?" என்றாள் மனைவி வாசலிலிருந்து.

"ஒண்ணுமில்ல. நீ போய்க்கிட்டே இரு, வர்றேன்."

அவள் போகவில்லை. செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.